பத்து வருட லப்டொப்பில் லினக்ஸ்: பாமினியில் வினாத்தாள் அடிக்கிற எனக்குச் சரிவருமா?

#1 தென்மராட்சி வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். கொம்பியூட்டரை நான் பாவிக்கிறவன் மட்டும்தான், உள்வேலை தெரியாது. அதனால் கொஞ்சம் விபரமாகவே கேட்கிறேன்.

மைத்துனர் பரிஸ் நகரிலிருந்து வந்து போனபோது தான் பாவித்த லப்டொப்பை எங்களிடம் விட்டுப் போனார். இன்டெல் ஐ5, ஆறாம் தலைமுறை. 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம். இதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. ரவுனில் ஒரு கடையில் காட்டினேன். இதற்கு விண்டோஸ் 11 ஏறாது, புதிது வாங்குவதென்றால் ஒன்றரை இலட்சத்துக்குக் குறைய இல்லை என்றார்கள். நல்லாக ஓடுகிற பொருளைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு அவ்வளவு காசு போட மனம் வரவில்லை.

மகள் உயர்தரத்தில் ஐ.சி.ரி. (தகவல் தொழில்நுட்பம்) படிக்கிறாள். "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் இயங்குதளம் போடுங்கோ அப்பா, அதுக்குக் காசு இல்லை" என்கிறாள். வீட்டில் இதில் நடக்கிற வேலையைச் சொல்கிறேன். நான் விஞ்ஞானப் பாடத்துக்கு வினாத்தாள் அடிப்பேன், எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். பன்னிரண்டு வருடக் கோப்புகள் கிடக்கின்றன. மனைவி கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளுக்குச் சூமில் வாய்ப்பாட்டு வகுப்பு எடுக்கிறா. மகளுக்குப் பைதன் நிரல்மொழி வேண்டும். பிறகு ஒரு லேசர் பிரிண்டர்.

சூமும் பைதனும் எப்படியும் ஓடும் என்று நினைக்கிறேன். பாமினிதான் எனக்குப் பயம். பாவித்துப் பார்த்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ.

#2 பென்குயின் பெடியன்

வாத்தியார், உங்கள் லப்டொப் லினக்ஸுக்குத் தாராளம். விண்டோஸ் 11 ஏறாததற்குக் காரணம் வேகக் குறைவு இல்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேலே இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். உங்களுடையது அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

லினக்ஸில் பல வகை உண்டு. நான் சொல்வது லினக்ஸ் மின்ட், சினமன் பதிப்பு. கீழே இடப்பக்க மூலையில் மெனு, வலப்பக்கம் மணிக்கூடு, நடுவில் திறந்த சாளரங்கள். விண்டோஸில் பழகிய கை அதே இடத்துக்குத்தான் போகும். இப்போதுள்ள 22 வரிசை உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல் வரும். அதற்குப் பிறகு அடுத்த பதிப்புக்கு ஏறலாம், அதற்கும் காசு இல்லை.

முக்கியமான விசயம், உடனே நிறுவ வேண்டாம். நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். இரவு டேட்டா இருந்தால் படுக்கப் போகும்போது இறக்கப் போட்டுவிடுங்கோ. ரூபஸ் என்ற சின்ன மென்பொருளால் அதை 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் எழுதலாம். பிறகு லப்டொப்பை அந்தப் பென்டிரைவிலிருந்து தொடங்கினால் முழு மின்ட்டும் திரையில் வந்துவிடும். எஸ்எஸ்டியில் ஒரு எழுத்துக்கூட மாறாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் கேட்கிறதா, கமரா தெரிகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று பாருங்கோ. சரிவராவிட்டால் பென்டிரைவைக் கழற்றிவிட்டுத் திரும்ப விண்டோஸுக்குப் போகலாம். பென்டிரைவில் ஓடும்போது கொஞ்சம் மந்தமாக இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

லினக்ஸ் ஏதோ புதுப் பொருள் என்று பயப்பட வேண்டாம். 1991இல் பின்லாந்தில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. உங்கள் கையில் இருக்கிற அண்ட்ரொயிட் போனின் அடியில் ஓடுவதும் அதே கேர்னல்தான், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி.

#3 அச்சுக்கூடம்

தம்பி சொன்னதில் பிழை இல்லை. ஆனால் ஒரு பக்கம்தான் சொல்லியிருக்கிறார்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக அச்சகத்தில் பக்கம் போடுகிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் விஞ்ஞாபனம், முப்பத்தோராம் நாள் நினைவுமலர், பாடசாலைச் சஞ்சிகை, எல்லாம் என் கையால் போகிறவை. பேஜ்மேக்கர், கோரல்ட்ரோ, போட்டோஷொப் மூன்றும் இல்லாமல் எனக்கு வேலை இல்லை. மூன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. பேஜ்மேக்கரை அடோபியே எப்போதோ கைவிட்டுவிட்டது, 2001இல் வந்த 7ஆம் பதிப்புத்தான் கடைசி. இருந்தாலும் எங்களிடம் இருக்கிற பழைய வேலைகள் முழுக்க அதில்தான் கிடக்கின்றன. ஒரு வீட்டில் தாய்க்கு நினைவுமலர் அடித்தவர்கள் பத்து வருடம் கழித்துத் தகப்பனுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று வருவார்கள். அந்தக் கோப்பு திறக்காவிட்டால் அவர்களுக்கு நான் என்ன சொல்வது?

அவற்றுக்குப் பதிலாக லினக்ஸில் ஓடுகிற கிம்ப், இங்ஸ்கேப், ஸ்கிரைபஸ் மூன்றையும் மினக்கெட்டுப் படித்தேன். ஸ்கிரைபஸில் நான்கு வண்ண அச்சுக்கான பிரிப்பு ஒழுங்காக இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்குப் போதும். பழைய சரக்கோடு இருக்கிறவருக்குப் போதாது. வாத்தியாரிடம் இருப்பதும் பன்னிரண்டு வருடப் பழைய சரக்கு. அதனால்தான் எச்சரிக்கிறேன்.

#4 திருநெல்வேலி திருத்துநர்

லப்டொப் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். மின்ட் நிறைய மெசினுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், சிலதைத் திரும்ப விண்டோஸுக்கு மாற்றியும் கொடுத்திருக்கிறேன். கை வைக்கும் முன் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் வினாத்தாள்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு நகல் எடுங்கோ. அதே லப்டொப்பின் டி ட்ரைவில் போட்டுவிட்டு நகல் எடுத்துவிட்டேன் என்று ஆட்கள் சொல்வார்கள். அது நகல் இல்லை. எஸ்எஸ்டி ஒன்றுதான், அது போனால் சியும் போகும் டியும் போகும். எடுத்த நகலை இன்னொரு கொம்பியூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த அடி.

விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடுவதென்றால் டிஸ்கைப் பூட்டுகிற பிட்லொக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கோ. போட்டிருந்தால் மீட்புச் சாவியைக் கடுதாசியில் எழுதி வையுங்கோ. 48 இலக்கம். அது இல்லாமல் டிஸ்க் பகுதிகளை மாற்றப் போய்ப் படமெல்லாம் இழந்து கடைக்கு அழுதுகொண்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அடுத்தது, விண்டோஸில் பாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதியை நிறுத்துங்கோ. அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாது, பாதி நித்திரையில் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியைத் திறந்தால் வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது. இடம் ஒதுக்குவதையும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டாலேயே செய்யுங்கோ.

நிறுவும்போது சார்ஜரைக் குத்திவிட்டு, பற்றரியும் நிரம்பியிருக்கட்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த மாதிரி இப்போது இல்லை. என்றாலும் மழை நாளில் தென்மராட்சிப் பக்கம் எப்ப கரண்ட் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

வைஃபை பிடிக்காவிட்டால் பதற வேண்டாம். போனை யூஎஸ்பி வயரால் குத்தி ரெதரிங் போட்டால் உடனே இணையம் வரும். பிறகு மின்ட்டிலேயே ட்ரைவர் மனேஜர் என்று ஒன்று இருக்கிறது, தேவையானதைத் தேடி எடுத்துப் போடும்.

#5 கோண்டாவில் அக்கா

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். விண்டோஸ் 10ஐயே இன்னும் ஒரு வருடம் பாவிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். உண்மையா?

#6 திருநெல்வேலி திருத்துநர்

ஓம் அக்கா. நீடித்த பாதுகாப்பு இற்றைப்படுத்தல் என்று ஒன்றை மைக்ரோசொஃப்ட் தருகிறது, 2026 ஒக்டோபர் 13 வரை. 30 டொலர் கட்டலாம், அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்து உங்கள் அமைப்புகளை அவர்களின் மேகத்தில் சேமிக்க விட்டால் காசு இல்லாமலும் கிடைக்கும். அவசரப்படாமல் லினக்ஸைப் பழக அது நல்ல இடைவெளி.

#7 ஐ.சி.ரி. ரீச்சர்

மகள் உயர்தரம் என்பதால் எழுதுகிறேன். பாடத்திட்டத்தில் இருப்பது பைதன். மின்ட்டில் அது முதலிலேயே இருக்கிறது, தனியாக நிறுவத் தேவையில்லை. தரவுத்தளப் பகுதிக்கு மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி சுகமாக ஏற்றலாம். இயங்குதளம் பற்றிய அலகைப் புத்தகத்தில் மட்டும் படிக்கிற பிள்ளைக்கும், தானே ஒரு பகுதியைப் பிரித்து, கோப்புக்கு யார் எழுதலாம் யார் வாசிக்கலாம் என்று கட்டளை கொடுத்துப் பார்த்த பிள்ளைக்கும் வித்தியாசம் வகுப்பிலேயே தெரியும். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆனால் சாதாரண தரப் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒன்று கவனியுங்கோ. அந்த வகுப்புகளில் வேர்ட், எக்செல் மெனுக்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பழகுகிறார்கள். மின்ட்டில் அவற்றுக்குப் பதிலாக இருக்கிற லிப்ரே ஒபிஸில் அதே வேலை வேறு இடத்தில் வேறு பெயரில் இருக்கும். விளங்கிப் படித்த பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை. பாடமாக்குகிற பிள்ளை குழம்பும்.

#8 ரொறன்ரோவிலிருந்து

அம்மா நெல்லியடியில் தனியாக இருக்கிறா. இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது வீட்டுக் கொம்பியூட்டருக்கு மின்ட் போட்டுவிட்டு வந்தேன். அதற்கு முதல் மாதத்தில் இரண்டு தரமாவது "தம்பி, திரையில என்னவோ சிவப்பா வந்து கத்துது" என்று போன் எடுப்பா. எங்கேயோ அழுத்தி எதையோ இறக்கி நிறுவியிருப்பா. இப்போது அந்தப் போன் வருவதில்லை. விண்டோஸுக்காக எழுதிய கோப்பை அழுத்தினாலும் மின்ட்டில் அது ஓடாது. அம்மாவின் முகப்பில் நான்கு படங்கள்தான், பெரிதாக. நல்லூர்த் திருவிழா நேரலை, வொட்ஸ்அப், பேப்பர், பேரப்பிள்ளைகளின் படங்கள். ஏதும் பார்க்க வேண்டுமென்றால் எனிடெஸ்க்கால் இங்கிருந்தே உள்ளே போவேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வங்கியிலிருந்து கதைக்கிறோம், இலக்கத்தைச் சொல்லுங்கோ என்று கேட்கிற கள்ளரிடமிருந்து எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. அதை அம்மாவுக்குத் தனியாகச் சொல்லித்தான் வைத்திருக்கிறேன்.

#9 அச்சுக்கூடம்

எல்லோரும் காசு இல்லை, காசு இல்லை என்கிறீர்கள். எங்கள் ஊரில் விண்டோஸுக்கு யார் காசு கட்டினார்கள்? கடையில் கொடுத்தால் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றித் தருகிறார்கள். அதனால் "இலவசம்" என்ற காரணம் இங்கே எடுபடாது. வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கோ, கேட்கத் தயார்.

#10 பென்குயின் பெடியன்

அண்ணை, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. இதை நானும் நிறைய யோசித்திருக்கிறேன்.

பூட்டை உடைத்து எடுத்த பொருளும், "எடுத்துக்கொள், பார், மாற்று, மற்றவருக்கும் கொடு" என்று உரிமையோடு தந்த பொருளும் ஒன்றல்ல. 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தபோது அவர் கேட்டது இந்த உரிமையைத்தான், விலைக்குறைப்பை இல்லை. தமிழில் "கட்டற்ற மென்பொருள்" என்று சொல்கிறார்களே, அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். இலவசம் என்ற சொல்லில் அந்தப் பொருள் வராது. என் நண்பனுக்கு மின்ட் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் கொடுக்கும்போது நான் களவு எதுவும் செய்யவில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தையே வளர்க்கிறேன். அந்த நிம்மதிக்கு விலை போட முடியாது.

#11 திருநெல்வேலி திருத்துநர்

கொள்கையைத் தம்பி சொல்லிவிட்டார். நான் மேசையில் கண்டதைச் சொல்கிறேன். வைரஸ் என்று வருகிற மெசின்களில் நிறையவற்றில் கதை ஒரே மாதிரி. பூட்டை உடைக்கிற மென்பொருளை ஓட்டுவதற்காக முதலில் பாதுகாப்பை நிறுத்தச் சொல்லியிருக்கும். நிறுத்தியிருப்பார்கள். அதோடு கூட வந்ததுதான் மற்றது எல்லாம். வீட்டுக் கதவைத் திறந்துவிட்டுக் கள்ளன் வந்தான் என்றால் எப்படி? 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது உரிமத்தோடு வாங்கலாம் என்று நினைத்தவர்களும் பின்வாங்கிவிட்டார்கள். அந்த வருடம்தான் என்னிடம் லினக்ஸ் கேட்டு வந்தவர்கள் கூட.

#12 தென்மராட்சி வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. கோப்புகளை நகல் எடுத்துப் பாடசாலைக் கொம்பியூட்டரில் திறந்தும் பார்த்துவிட்டேன். பென்டிரைவில் ஓட்டியபோது வைஃபை, சத்தம், கமரா மூன்றும் முதல் தரத்திலேயே வேலை செய்தன. பிரிண்டரும் தானாகவே வந்தது. சனிக்கிழமை விண்டோஸுக்குப் பக்கத்தில் 100 ஜிபி ஒதுக்கி மின்ட்டை நிறுவினோம். மகள்தான் செய்தாள், நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு திரையையும் வாசித்தேன்.

ஆனால் பயந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பழைய வினாத்தாளைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துகள். புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருக் கோப்பைத் தேடி எடுத்து, இரண்டு தரம் அழுத்தி நிறுவிய பிறகு பழைய தாள்கள் தமிழில் தெரிந்துவிட்டன. அது பெரிய ஆறுதல். ஆனால் புதிதாக அடிக்க முடியவில்லை. ய அடித்தால் ங விழுகிறது. ண அடித்தால் ற. "அம்மா" என்று அடித்துப் பார்த்தேன், "இமஅமா" என்று வந்தது. எழுத்துரு பழுதா, லிப்ரே ஒபிஸ் பழுதா, விளங்கவில்லை. விண்டோஸில் இதே லப்டொப்பில் ஒழுங்காகத்தான் அடிக்கிறேன். திங்கட்கிழமை தவணைப் பரீட்சைத் தாள் கொடுக்க வேண்டும்.

#13 அச்சுக்கூடம்

வாத்தியார், எழுத்துருவும் பழுதில்லை, லிப்ரே ஒபிஸும் பழுதில்லை. பாமினிக் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. உங்கள் லப்டொப் பரிஸ் நகரிலிருந்து வந்தது. நிறுவும்போது விசைப்பலகை எது என்று கேட்டிருக்கும், பிரெஞ்சு என்று கொடுத்திருப்பீர்கள்.

பிரெஞ்சு விசைப்பலகையில் ஏயும் கியூவும் இடம் மாறியிருக்கும். பாமினியில் ய இருப்பது ஏயில், ங இருப்பது கியூவில். அதேபோல இசட்டும் டபிள்யூவும் மாறியிருக்கும், அவை ணவும் றவும். எம் எழுத்து எல்லுக்கு வலப்பக்கம் போயிருக்கும். அந்த இடத்தில்தான் உங்கள் விரல் புள்ளிக்காக அரைப்புள்ளியைத் தேடுகிறது. அதனால் புள்ளி விழ வேண்டிய இடத்தில் அ விழுகிறது, அ அடிக்கிற இடத்தில் காற்புள்ளி வந்து அது பாமினியில் இ ஆகிறது. "இமஅமா" என்று பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. விண்டோஸில் மைத்துனரோ கடைக்காரரோ முன்பே ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்திருப்பார்கள், உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும்.

அமைப்புகளில் விசைப்பலகை என்ற பகுதிக்குப் போய் அமெரிக்க ஆங்கிலத்தைச் சேர்த்து, பிரெஞ்சை எடுத்துவிடுங்கோ. கட்டைகளில் அச்சடித்திருக்கிற எழுத்தைப் பார்க்காமல் விரல் பழக்கத்தில் அடியுங்கோ. ஒரு கவனம்: உங்கள் கடவுச்சொல்லில் இந்த எழுத்துகள் இருந்தால் அதுவும் பிரெஞ்சு அமைப்பில் அடித்த கடவுச்சொல்தான். விசைப்பலகையை மாற்றும் முன் கடவுச்சொல்லை இந்த எழுத்துகள் இல்லாத ஒன்றாக மாற்றுங்கோ.

இன்னொன்று. லிப்ரே ஒபிஸில் தானியங்கித் திருத்தம் என்று இருக்கிறது. வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். ஆங்கிலத்துக்கு அது நல்லது, பாமினிக்கு விசம். பாமினியில் சின்ன எழுத்தில் க இருந்தால் பெரிய எழுத்தில் கு. "கணிதம்" என்று தொடங்கினால் "குணிதம்" ஆகிவிடும், "அமிலம்" என்று தொடங்கினால் "ஆமிலம்" ஆகிவிடும். அடிக்கும்போது கண்ணில் படாது, தாள் அச்சாகி வகுப்புக்குப் போன பிறகுதான் பிள்ளைகள் கேட்பார்கள். டூல்ஸ் மெனுவில் ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ் போய், பெரிய எழுத்து பற்றிய தெரிவுகளையும் மேற்கோள் குறியை மாற்றுகிற தெரிவையும் எடுத்துவிடுங்கோ.

நான் லினக்ஸுக்கு மாறப் போவதில்லை. ஆனால் பாமினி என்றால் எந்த மெசினிலும் எனக்குத் தெரிந்த பாமினிதான்.

#14 தென்மராட்சி வாத்தியார்

அண்ணை, கையெடுத்துக் கும்பிடுகிறேன். மாற்றியவுடன் "அம்மா" அம்மாவாகவே வந்தது. இரவே தாளை முடித்துவிட்டேன்.

#15 பென்குயின் பெடியன்

அச்சுக்கூடம் அண்ணை எழுதியதை அப்படியே சேமித்து வைத்திருக்கிறேன்.

வாத்தியார், தாள் அவசரம் முடிந்துவிட்டது, இனி ஆறுதலாக ஒன்றை யோசியுங்கோ. பாமினியில் அடித்ததை வொட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது, கூகிளில் தேட முடியாது. எழுத்துரு இல்லாத மெசினில் அது தமிழே இல்லை. ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் எழுத்து தமிழாகவே பதியும், அதில் அடித்தால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை. மின்ட்டில் ஐபஸ் எம்17என் என்ற பொதியைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்பெயர்ப்பு, தட்டச்சு என்று பல விசைப்பலகைகள் கிடைக்கும். இலங்கைத் தரமான ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் இருக்கிறது. மாற்றும்போது ஒன்று நினைவில் வையுங்கோ. லிப்ரே ஒபிஸ் ஒருங்குறித் தமிழைச் சிக்கலான எழுத்துமுறை என்று தனியாகப் பிரித்து வைக்கிறது. மேலே உள்ள எழுத்துருப் பெட்டியில் மாற்றியும் ஒன்றும் நடக்காவிட்டால், எழுத்துப் பண்புகளுக்குள் போய் அந்தப் பகுதிக்குரிய எழுத்துருவை மாற்றுங்கோ.

#16 அச்சுக்கூடம்

தம்பி, ஒருங்குறி நல்லது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஐம்பது வயது விரலுக்கு விசைப்பலகை மாற்று என்று சொல்வது, வலக்கையால் எழுதுகிறவரை இடக்கையால் எழுதச் சொல்வது மாதிரி. பிள்ளைகள் ஒருங்குறியில் தொடங்கட்டும். எங்களைப் பாமினியிலேயே விடுங்கோ.

#17 ஐ.சி.ரி. ரீச்சர்

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அப்பா பாமினியிலேயே அடிக்கட்டும், மகள் அதை ஒருங்குறிக்கு மாற்றட்டும். ஓப்பன் தமிழ் என்று கட்டற்ற பைதன் நிரலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) இருக்கிறது. பாமினி உட்படப் பல பழைய குறியாக்கங்களை ஒருங்குறியாக்கும் வசதி அதில் உண்டு. மின்ட்டில் நேரடியாக நிறுவ விடாது, முதலில் மெய்நிகர் சூழல் என்ற தனி இடம் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவ வேண்டும். அதுவே அவளுக்கு ஒரு பாடம். உயர்தரப் பிள்ளைக்குச் செய்முறையாக இதைவிட நல்ல வேலை இல்லை.

#18 தென்மராட்சி வாத்தியார்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். கேள்வி கேட்டவன் பதில் சொல்லாமல் போகக்கூடாது.

மனைவியின் வகுப்புகள் எல்லாம் மின்ட்டில்தான் நடக்கின்றன. சுருதிப்பெட்டியை முன்னர் போனில் போடுவா, இப்போதும் அப்படித்தான். சத்தம் வெட்டுகிறது என்று எந்தப் பிள்ளையும் சொல்லவில்லை.

ஒரு நாள் விண்டோஸுக்குப் போனபோது மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பிந்தியிருந்தது. காலை பத்து மணிக்கு நாலரை காட்டியது. பற்றரி போய்விட்டது என்று நினைத்தேன். மகள் தேடிப் பார்த்துக் காரணம் சொன்னாள். லினக்ஸ் லப்டொப்பின் உள்மணிக்கூட்டில் உலகப் பொதுநேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. இலங்கைக்கும் பொதுநேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை. ஒரு வரிக் கட்டளையோடு சரியாகிவிட்டது.

சரிவராதது ஒன்று உண்டு. ஒரு அலுவலகத்திலிருந்து புள்ளிவிபரம் நிரப்புவதற்கு மக்ரோ (உள்ளே எழுதிய சிறு நிரல்) உள்ள எக்செல் கோப்பு வரும். லிப்ரே ஒபிஸில் திறக்கிறது, ஆனால் அதிலுள்ள பொத்தான்கள் வேலை செய்யவில்லை. அதற்கு மட்டும் விண்டோஸ். நீடித்த இற்றைப்படுத்தலையும் பதிந்துவிட்டேன். மற்றபடி விண்டோஸைத் திறந்து பத்து நாளாகிறது.

பழைய தாள்களைப் பற்றித்தான் சந்தோசமாகச் சொல்ல வேண்டும். ரீச்சர் சொன்ன நிரலகத்தை வைத்து மகள் மாற்றத் தொடங்கினாள். முதல் தாளில் தமிழெல்லாம் அழகாக வந்தது. ஆனால் நீரின் குறியீடான எச்2ஓ "ர்2ழு" என்று வந்து நின்றது. பாமினியில் எச் என்றால் ர், ஓ என்றால் ழு. தாளில் உள்ள ஆங்கிலத்தையும் பாமினி என்று நினைத்து மாற்றிவிட்டது. விஞ்ஞானத் தாள் முழுக்கக் குறியீடுதானே. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே ஒரு வழி கண்டாள். வேர்ட் கோப்புக்குள் ஒவ்வொரு துண்டு எழுத்துக்கும் அது எந்த எழுத்துரு என்று பதிந்திருக்கிறதாம். பாமினி என்று பதிந்த துண்டை மட்டும் மாற்று, ரைம்ஸ் நியூ ரோமன் என்று பதிந்ததைத் தொடாதே என்று எழுதினாள். பழைய கோப்புகளை லிப்ரே ஒபிஸே மொத்தமாகப் புதிய வடிவத்துக்கு மாற்றித் தந்தது. நேற்று இரவு வரை நாற்பத்திரண்டு தாள் முடிந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் நான் வாசித்துப் பார்த்துத்தான் விடுகிறேன். 2014இல் நான் அடித்த ஒரு தாளில் "ஒளித்தொகுப்பு" என்று தேடினேன், உடனே காட்டியது.

#19 அச்சுக்கூடம்

அந்த நிரலை மகள் தரச் சம்மதித்தால் எனக்கும் வேண்டும் வாத்தியார். பேஜ்மேக்கரிலிருந்து எழுத்தை மட்டும் வெளியே எடுக்கலாம், அதில் எழுத்துருப் பெயர் வருமா என்று பார்க்க வேண்டும். பழைய நினைவுமலர்கள் கிடக்கின்றன. அந்தக் குடும்பங்களுக்குப் பாமினி இல்லாத இடத்திலும் வாசிக்கக் கொடுக்கலாம்.

#20 தென்மராட்சி வாத்தியார்

இன்று பின்னேரம் இங்கேயே இணைப்பைப் போடுகிறாள் அண்ணை. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம் என்று மேலே எழுதியிருக்கிறாள். பேஜ்மேக்கர் கோப்பு ஒன்றை அனுப்பிவிடுங்கோ, அவள் பார்த்துச் சொல்வாள்.